இரண்டாவது வெளிச்சம்

வீட்டில் அவனுக்கு ஆமை என்று பெயர். பந்தை எறிந்தால், அது மார்பில் மோதிய பிறகுதான் கையை நீட்டுவான். அப்பாவின் பட்டறைக்குள்ளிருந்து வெயிலுக்கு வந்தால் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்பான். கண்ணில் கோளாறே இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வெல்டரான அப்பா, “வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிக்கிறான். இனி பட்டறைப் பக்கம் வரவேணாம்” என்று முடிவே கட்டிவிட்டார். அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. செல்லுக்குள் ஜி புரதம் என்று ஒன்று உண்டு. வெளியே கிடைத்த சேதியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. எல்லாரும் அதைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். அதைப் பிடித்து அடக்கும் புரதங்களைச் சீந்த ஆளில்லை. அக்கா ஆராய்ந்தது அந்தச் சீந்தாத கூட்டத்தை. “கத்த யாரால முடியாது? கத்துனவனை நேரத்துக்கு நிறுத்தணும், அதுதான் வித்தை” என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

தம்பியைக் கண் பரிசோதனை அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே கருவியைப் பார்த்துக்கொள்பவள் அவளுடைய தோழி. ஒரு வெளிச்சம் மின்னியதும், கண் அதை உணர்ந்ததைக் காட்டும் கோடு திரையில் துள்ளி எழுந்தது. குறையே இல்லை. அடுத்த வெளிச்சத்துக்கு முன் கண்ணுக்கு நன்றாக ஓய்வு கொடுப்பது அங்கே வழக்கம். அப்போதுதான் கோடு அழகாக வருமாம். தோழி பேச்சு சுவாரஸ்யத்தில் உடனே பொத்தானை அழுத்திவிட்டாள். கோடு அசையவே இல்லை.

“அய்யோ, அவசரப்பட்டுட்டேன்! அழிச்சிடறேன்.”

“கையை எடுடி!” அக்கா கத்தியே விட்டாள். “இப்ப என் கண்ணுல அதே மாதிரி பண்ணு.”

அவள் கண்ணில் இரண்டாவது வெளிச்சத்துக்கும் கோடு எழுந்தது. தம்பிக்கு மறுபடியும் இல்லை. அவனை ஓய்வெடுக்க விட்டுப் பார்த்தார்கள், எழுந்தது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முதல் வெளிச்சத்தைச் சொல்லத் தொடங்கிய ஜி புரதம் இன்னும் ஓயவில்லை. அது ஓயும்வரை அடுத்ததைச் சொல்லக் கண்ணுக்கு வழியில்லை. இத்தனை டாக்டர்களும் ஓய்வு கொடுத்துக் கொடுத்தே கோளாறைத் தவறவிட்டிருக்கிறார்கள். மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. அடக்கும் புரதம் அவன் கண்ணில் வேலை செய்யவில்லை.

முடிவைக் கேட்க அப்பாவும் வந்திருந்தார். வெளியே வந்ததும் தம்பி வாசலிலேயே வெயிலில் நின்றுவிட்டான். “வழியை விடுங்கப்பா, சிலை மாதிரி நிக்கிறான்” என்றார் பின்னால் வந்தவர்.

அப்பா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“கொஞ்சம் பொறுங்க சார். அவன் கண்ணு அப்படித்தான். நடிப்பில்ல.” பிடித்த தோளை விடாமலே சொன்னார். “ஜி புரதம்னு ஒண்ணு இருக்கு. அது பெரிசில்ல சார். அதை அடக்குற புரதம் இருக்கே, அதுதான் பெரிசு. இதோ நிக்கிறாளே, என் பொண்ணு, அதைப் படிச்சவ.”