கிழக்கு எந்தப் பக்கம்

மருமகள் ஒளி ஊடுருவும் தாள்கள் இரண்டை மாமனாரின் மேசைமேல் வைத்தாள். இரண்டிலும் ஒரே விண்மீன் மண்டலம், அதன் மையத்திலிருந்து பீறிடும் தாரை. ஒன்று ரேடியோ அலையில் எடுத்தது, மற்றது எக்ஸ் கதிரில். தாரையின் நடுவே பிரகாசமாக ஒரு முடிச்சு. எக்ஸ் கதிர் முடிச்சு ரேடியோ முடிச்சைவிட மையத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதுதான் அவருடைய ஒரே மகனின் கண்டுபிடிப்பு. அந்த இடைவெளிக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். கட்டுரை அச்சேறிய நான்காம் மாதம் அவன் மாரடைப்பில் போய்விட்டான்.

"எக்ஸ் கதிர்ப் படத்தைக் கிழக்கே நகர்த்திப் பொருத்தணும், மாமா. அவர் வலப்பக்கம் நகர்த்திட்டார்."

தரைப்படத்தில் கிழக்கு வலப்பக்கம். அண்ணாந்து பார்க்கும் வானப்படத்தில் இடப்பக்கம். வானியல் துறைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கூடவே உட்கார்ந்து வேலை பார்த்தவதானே நீ. அவன் இருந்தவரைக்கும் தெரியலையாக்கும்?"

"உங்க பிள்ளை தப்பு பண்ணுவாருன்னு யாருக்குத் தோணும்?"

"வாயை மூடிக்கிட்டு இரு. இந்த வீட்டுல யாரும் எழுதினதைத் திரும்ப வாங்கினதில்லை."

"இன்னொரு குழு அதே இடைவெளியை அளந்துக்கிட்டிருக்கு, மாமா. அவங்க சொல்லி நாம கேக்கணுமா?"

பெரியவர் எழுந்து தாள்களை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தார். மகன் வைத்தபடி வைத்தால் சுற்றியிருந்த விண்மீன்கள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மேலிருந்த எக்ஸ் கதிர்த் தாளை மெல்ல இடப்பக்கம் தள்ளினார். விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. முடிச்சும் முடிச்சின்மேல் உட்கார்ந்தது. மயிரிழைகூட இடைவெளி இல்லை.

கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான் சொல்லித்தான் அப்படிச் செஞ்சான்னு எழுது. தப்பு என்னோடது."

"முடியாது மாமா. அப்பன் செஞ்சு குடுத்தான்னு பேச்சு வரக்கூடாதுன்னு, படம் பொருத்தினதுல உங்களுக்குப் பங்கே இல்லைன்னு நீங்கதானே கட்டுரையில எழுத வச்சீங்க? அது அச்சுல இருக்கு."

அவள் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தட்டெழுதினாள். நான்கே வரி. அடியில் கட்டுரையாசிரியர் என்று கணவன் பெயர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார்.

"இனிஷியலை விட்டுட்டியே."

"அவசியமா மாமா?"

"அது என் பேரு. போடு."

போட்டாள். அனுப்புவதற்கு அவளுக்குக் கை வரவில்லை. அவர்தான் அழுத்தினார்.