வெட்டக் கூடாத குதிரைவாலி

மிசிசிப்பியின் டிசம்பர் குளிரில் லூத்தர் பெட்டிஸ் டிராக்டரின் பின்னால் புல்வெட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் பயந்துபோயிருந்தான்.

எதிரே நாற்பது ஏக்கர் தாழ்நிலத்தில், கணுக்கால் தண்ணீரில், குதிரைவாலி முற்றி நின்றது. வருஷம் முழுக்க ஈரம் வற்றாத நிலம். எதையும் விதைக்க வேண்டாம், தானாக வரும் கோரையும் காட்டுப்புல்லுமே வாத்துக்குப் போதும் என்று ஏப்ரலிலேயே தலைகீழாக நின்று பார்த்தான். அவன் வேலை பார்த்த வாத்து வேட்டை விடுதியின் முதலாளி ஹாட்லி காதில் வாங்கவில்லை. பக்கத்து விடுதிக்காரர்கள் குதிரைவாலி போட்டிருந்தார்களாம்; இங்கேயும் அதையே விதைக்க வைத்தார்.

இப்போது பயிர் அடர்ந்து, வாத்து இறங்க இடமில்லாமல் போய்விட்டது. மறுநாள் காலை விருந்தாளிகள் துப்பாக்கியோடு வருகிறார்கள்.

"பாதிய வெட்டித் தள்ளுடா," என்றார் ஹாட்லி.

"ஐயா, தானா மொளச்ச புல்லுன்னா வெட்டலாம். வெதச்ச தானியத்த வெட்டிப் போட்டுட்டுச் சுட்டா, தீனி போட்டு வரவழச்சுச் சுட்டதா கேசு. உள்ள தூக்கி வெச்சிருவாங்க."

"எனக்கே சட்டம் சொல்றியா? ஒனக்கு வீடு வேணுமா, வேணாமா?"

வீடு என்பது விடுதிக்குப் பின்னால் இரண்டு அறை. அதில்தான் அவன் மனைவி வெர்னீஸ் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். வேலை போனால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். லூத்தர் வண்டியைக் கிளப்பினான். அறுபட்ட கதிர்கள் தண்ணீரில் மிதந்தன.

மறுநாள் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. விருந்தாளிகள் ஆறு பேரும் சுட்டார்கள். விழுந்ததை லூத்தர் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, வனவிலங்கு அதிகாரி ஒருத்தி முழங்கால் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி வந்தாள். ஒரு பிடி கதிரை அள்ளிப் பார்த்தாள்.

"யாரு வெட்டினது?"

ஹாட்லி வந்து லூத்தரின் தோளில் கை போட்டார். "இங்க எத வெதைக்கிறது, எத வெட்டுறதுன்னு எல்லாம் இவர்தாம்மா முடிவு பண்ணுவாரு. எனக்கு வெவசாயத்தப் பத்தி என்ன தெரியும்?"

பழி தன் தலையில் விழுகிறது என்று லூத்தருக்குப் புரிந்தது. பொய் என்று கத்தலாம். கத்திவிட்டு வெர்னீஸை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? ஆமாம் என்று தலையை ஆட்டினான். விருந்தாளிகள் காப்பி குடிக்க விடுதிப் பக்கம் நடந்தார்கள்.

அதிகாரி நோட்டைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டாள். "வீட்டு விலாசம் சொல்லுங்க."

லூத்தர் வாயைத் திறந்தான். தன் விலாசத்தைச் சொல்லவும் அனுமதி வேண்டும்போல ஹாட்லியின் முகத்தைப் பார்த்தான்.