ஏழாம் பக்கத்து ஆமென்

இரணியலுக்குப் பக்கத்து கிறிஸ்தவ மிஷன் கோயிலில், பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் வேலை காலியாக இருந்தது. சுந்தரராஜுக்கு அது வேண்டும். கிடைக்காவிட்டால் களியக்காவிளையில் மாமனாரின் புகையிலைக் கடையில் போய் உட்கார வேண்டும். கொழும்பில் ஒரு ஜெர்மானியரிடம் வயலின் படித்து வந்தவனுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

"வாசிச்சுக் காட்டுலே. சபை கேக்கட்டும்" என்றார் சபைச் செயலாளர் ராஜையன்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நாலு கீர்த்தனை வாசித்திருப்பான். சுந்தரராஜ் ஐரோப்பாவில் சமீபத்தில் எழுதிய ஒரு நவீன இசை உருப்படியை எடுத்தான். வயலினுக்கும் பியானோவுக்கும் பத்துப் பக்கம். பியானோவுக்கு, பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜெயபாய்.

ஒத்திகையில் அவள் நிறுத்தினாள். "அண்ணா, ஏழாம் பக்கத்துல ஆமென் வருதே. அத விட்டிருவோமா?"

"எதுக்கு?"

"நம்ம ஆளுவ எந்திரிச்சிருவாவ."

"அது நக்கல், ஜெயா. எழுதினவன் கோயில்காரனைக் கேலி செய்யுதான். இந்தக் கூட்டத்துக்கு அது எங்க மனசிலாவப் போவுது?"

நவீன இசை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், ஒன்றும் கடினமில்லை. ஞானப்பாட்டுகளில் ஒரு சுரம் வீடு மாதிரி. பாட்டு அதிலிருந்து கிளம்பி, வயல், வரப்பெல்லாம் சுற்றி, கடைசியில் அங்கேயே திரும்பும். கேட்கிறவர் மனமும் கூடவே நடந்து திரும்பும். சுந்தரராஜின் உருப்படியில் வீடே கிடையாது. போதாததற்கு, மிக அருகருகே உள்ள இரண்டு சுரங்கள் சேர்ந்தே ஒலிக்கும். அப்படி ஒலித்தால் அலைகள் ஒன்றையொன்று இடித்து, ஒலி ஏறியும் இறங்கியும் நடுங்கும். வயலினுக்குச் சுருதி சேர்க்கும்போது, இரண்டு தந்திகளும் இணங்குவதற்குச் சற்று முன்னால் கேட்கும் அதே நடுக்கம்தான் அது.

ஆமென் இதற்கு நேர் எதிர். பாட்டு முடிந்ததும் ஆர்மோனியப் பெட்டியில் இரண்டே இரண்டு ஒலிக்கூட்டுகள் வரும்: முதலாவது வாசற்படியில் நிற்கும், இரண்டாவது வீட்டுக்குள் நுழையும். தொட்டிலில் கிடந்த நாள் முதல் இதைக் கேட்டு வளர்ந்த சபை அது. அந்த ஒலி கேட்டால் மூளையை விசாரிக்காமலே கால் எழுந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் நிறைந்தது. சுந்தரராஜ் வெள்ளைக் கோட்டில் வந்து, கூட்டத்தை ஆட்டுமந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வில்லைத் தந்தியில் வைத்தான்.

ஒன்றாம் பக்கம் போயிற்று. மூன்றாம் பக்கமும் போயிற்று.

"எப்பம் தொடங்குவான்?" என்றார் முன்வரிசையில் யோவான்.

"பொறும் ஓய். சுருதி சேக்குதான்" என்றார் ராஜையன். எல்லாம் தெரிந்தவர் அவர்.

ஐந்தாம் பக்கத்தில் வில்லைத் திருப்பி, மரப்பக்கத்தால் தந்தியைத் தட்ட வேண்டும். வில்லில் கட்டிய குதிரைமயிருக்குப் பதில் மரம் படுவதால் எலும்பு தட்டுவது போன்ற வறண்ட ஒலி வரும். அழகான உத்தி.

"வில்லைத் தலைகீழாப் பிடிச்சிருக்கான், பாத்தியா?" என்றாள் பெண்கள் வரிசையில் தேவகனி. "கொழும்புல இதுக்கா துட்டு கெட்டினான்?"

சுந்தரராஜ் காதில் விழுந்தது. உதட்டைச் சுழித்துக்கொண்டு வாசித்தான்.

ஏழாம் பக்கம். ஜெயபாய் விரல்களை இறக்கினாள். அந்த இரண்டு ஒலிக்கூட்டுகள்.

கோயில் முழுதும் எழுந்தது. ஆண்கள் அடிக்குரலிலும் நடுக்குரலிலும், பெண்கள் மேலேயும் இடையிலுமாக, நாலு குரலில் "ஆ...மென்" என்று முழங்கினார்கள். போதகர் கண்ணை மூடிக் கை உயர்த்தி ஆசீர்வாதம் சொன்னார். ஆசீர்வாதத்துக்குப் பிறகு யார் உட்கார்வார்கள்? செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள்.

வில்லை உயர்த்தியபடி சுந்தரராஜ் நின்றான். இன்னும் மூன்று பக்கம் பாக்கி. ராஜையன் வந்து அவன் முதுகில் தட்டினார்.

"சுருதி சேக்கத்தான் ரொம்ப நேரம் எடுத்த. பியானோ மழையில ஈரம் பிடிச்சிருக்கும். பாட்டு சின்னதுன்னாலும் அம்சமா இருந்துது. என்னா ஆமென்! நாளைக்கு ஆராதனைக்கு வந்திரு, வேலை உனக்குத்தான்."

சுந்தரராஜின் முகம் கறுத்தது. "சார், அது பாட்டில்ல. அது வந்து..."

ஜெயபாய் பியானோவை மூடினாள். "சொல்லுங்க அண்ணா. களியக்காவிளையில புகையில நல்லா விக்குதாம்."

அவன் வில்லின் மயிரைத் தளர்த்தினான். வேலை முடிந்தால் தளர்த்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பு வளைந்துபோகும்.

"எத்தன மணிக்கு வரணும், சார்?" என்று கேட்டான்.