ஒரு பை உலர்ந்த காய்

வழக்கமாக இறங்கும் சித்தையன்கோட்டையில் பஸ் நின்றபோது பேச்சாயி எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "எறங்கலையாக்கா?" என்றார். "திண்டுக்கல் போறேன்" என்று அவள் சொன்னது அவளுக்கே புதிதாகக் கேட்டது.

கொடைரோட்டுக்குப் பக்கத்தில், காய்களை நறுக்கி உலர்த்திப் பையில் அடைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலை ஆறு மணியிலிருந்து நின்றபடியே வேலை செய்ய வேண்டும். வீட்டுக்குப் போனால் புருஷன் சோலைமலை. தென்னையிலிருந்து விழுந்து அவனுக்கு இடுப்பு ஒடிந்து எட்டு மாதமாகிறது. வாக்கரைப் பிடித்தபடி வீட்டுக்குள் நடப்பான். குளிப்பாட்டுவது, துவைப்பது, சமைப்பது எல்லாம் இவள்தான். பச்சைக் காய் வாங்கி அரிய நேரமேது? கம்பெனியில் கழித்துக் கொடுக்கும் உடைந்த உலர்காயை வெந்நீரில் ஊறப்போட்டுக் குழம்பு வைத்துவிடுவாள். நேற்று அந்தக் குழம்பில் உப்பில்லை என்று அவன் தட்டைத் தள்ளிவிட்டான். சிதறிய சோற்றை அள்ளும்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தாள். "ரெண்டு நாளு அங்க வந்து இருக்கவா?" என்றாள். "இதென்னக்கா கேள்வி, வா" என்றாள் தங்கை. ஒட்டன்சத்திரம் பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போனது. அடுத்ததும் போனது. அதில் ஏறவும் தெம்பில்லாதவள்போல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்த வழியே திரும்பினாள்.

வீடு சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். அடுப்படியில் சோலைமலை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அடுப்பின் மேல் குழம்புப் பானை. காய் உப்பி, மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வழிந்துகொண்டிருந்தது. மேடையெல்லாம் மஞ்சளும் கேரட்டும். அவன் அடுப்புப் பற்றவைத்து அவள் பார்த்ததே இல்லை.

"என்னங்க இது?"

"பையில கொஞ்சமாத்தான் தெரிஞ்சுச்சு. பத்தாதுன்னு முழுசையும் தட்டிட்டேன்."

"ரெண்டு பிடி போதுங்க. அது ஊறுனா அம்புட்டும் பெருகும்."

"எனக்கென்ன தெரியும்."

அடுப்பை அணைத்துவிட்டு, இருக்கிற சட்டிகளில் எல்லாம் மொண்டு ஊற்றினாள். தீரவில்லை. ஒரு துண்டு கேரட்டை வாயில் போட்டாள். மேலே குழைந்து, நடுவில் நார்போல விறைப்பாக இருந்தது. உப்பு மட்டும் சரியாக இருந்தது.

"ஒன் தங்கச்சி போன் பண்ணுச்சு" என்றான் அவன், பானையைப் பார்த்தபடி. "அக்கா பஸ் ஏறிருச்சான்னு கேட்டுச்சு."

பேச்சாயியின் கை கரண்டியிலேயே நின்றது. "எப்பப் பண்ணா?"

"அஞ்சு மணி இருக்கும். தெரியலைன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகுதான் அவன் அடுப்படிக்கு வந்திருக்கிறான். அவள் வரமாட்டாள் என்று தெரிந்த பிறகு. அப்படியும் பக்கத்து உலையில் இரண்டு பேருக்கும் அரிசி வெந்திருந்தது.

அப்போதுதான் அவன் வலது கையை மடியில் ஒளித்திருப்பதைக் கண்டாள். இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் கொப்புளம். வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, அவன் கையை அதற்குள் அமிழ்த்திப் பிடித்தாள்.

"நாளைக்குப் போறியா?" என்றான் அவன்.

வேலைக்கா, ஒட்டன்சத்திரத்துக்கா என்று அவள் கேட்கவில்லை.

"கையை எடுக்காதீங்க" என்றாள்.

அவன் விரல்களில் ஒட்டியிருந்த மஞ்சள் பிரிந்து, இரண்டு கைகளையும் சுற்றித் தண்ணீரில் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.