மூன்று நாற்பதுவரை தண்ணீர்

"மூணு நாப்பதுக்குத்தானே வத்தம்? அதுவரைக்கும் தண்ணி இருக்கும். சும்மா பயப்படாதே, மகதலே."

லியனார்ட் செய்தித்தாளை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் செருகினான். அன்றைய தாளில் கிள்ளான் ஆற்றுக்கு ஏற்றம் காலை ஒன்பதரை, வற்றம் பிற்பகல் மூன்று நாற்பது என்று போட்டிருந்தது. ரயில்வேயில் பதினொரு வருடமாகக் கூட்ஸ் கார்டு அவன். அச்சில் ஏறிய நேரம் அவனுக்கு வேதம். மூன்று நாற்பதுக்குப் புறப்படும் வண்டி, மூன்று முப்பத்தொன்பதுவரை பிளாட்பாரத்தில் நிற்கத்தானே செய்யும்?

"தண்ணி ரயில் இல்லீங்க," என்றாள் மகதலேனா. "இப்பவே இறங்கிக்கிட்டு இருக்கு. நான் போர்ட் சுவெட்டன்ஹாம் கடலோரத்துல பொறந்தவ, எனக்குத் தெரியும்."

"ஆமாலா, கடலையே நீதான் பெத்துப் போட்டே!"

பக்கத்தில் நின்ற அண்ணி தங்கமணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மகதலேனா வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அன்று வாயை மூடியிருக்கக் கூடாது.

படகு லியனார்ட்டே கட்டியது. மூங்கில் வளைத்து, பழைய கித்தானை இழுத்துத் தைத்து, தார் பூசி, ஆறு மாதம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலை நாறடித்தான். யாரோ வெள்ளைக்காரர் ஏரியில் கனூ ஓட்டியதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு இந்தப் பைத்தியம். ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய குட்டையில் பழகினான். அந்தக் குட்டைத் தண்ணீர் ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை கார்டு வண்டியில் படகை ஏற்றி, பெண்டாட்டி பிள்ளையோடு கிள்ளானுக்கு வந்துவிட்டான். மகதலேனாவின் அண்ணன் கிரிகரிக்குத் தென்னந்தோட்டத்தில் வேலை. வீட்டுக்குப் பின்னாலேயே அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து போகும் ஓடை. கிரிகரி கோயில் காரியமாக டவுனில் தங்கிவிட்டதால் தடுக்க ஆம்பிளை யாரும் இல்லை.

"அம்மா, நானும் துடுப்பு போடுவேன்!" எட்டு வயது டொரத்தி முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒனக்குப் பயமா இருந்தா ரெண்டு கையையும் தூக்கு, மகதலே. ஒடனே பிரேக் போட்டுர்றேன்!" கையை ஆட்டிக்கொண்டே போனான்.

அப்போது மணி பன்னிரண்டு. ஓடை கண்ணாடி மாதிரி கிடந்தது. அதுதான் மகதலேனாவுக்குப் பிடிக்கவில்லை. படித்துறைத் தூணில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் வெளியே தெரிந்தது. அண்ணி வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் அது இரண்டு சாண் ஆகிவிட்டது.

"அண்ணி, தூணைப் பாருங்க."

"அதையே ஏன் பாத்துக்கிட்டு இருக்கே? வா, மீன் கழுவலாம்."

"வளைவுக்கு அந்தப் பக்கம் ஆழமே கிடையாது அண்ணி."

"புருசனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடுச்சு?"

"தெரியும் அண்ணி! எங்கப்பா கூட மூட்டை தூக்குன ஆளு சேத்துல எறங்குனாரு. நாலு பேரு கயிறு போட்டு இழுத்தாங்க. சேத்துல போன காலை அப்புறம் ஊனவே முடியல அவரால."

தங்கமணியின் வாய் மெல்வதை நிறுத்தியது. மகதலேனா கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரமாக ஓடினாள்.

வளைவைத் தாண்டியதும் பார்த்தாள். ஓடை நடுவில் வாய்க்கால் அகலத்துக்குத்தான் தண்ணீர். மற்றதெல்லாம் பளபளவென்று சேறு. அந்தச் சேற்றில் சாய்ந்து கிடந்தது படகு. கரைக்கும் அதற்கும் ஆறு வரிசைத் தென்னை தூரம். டொரத்தி உள்ளே உட்கார்ந்திருக்க, லியனார்ட் ஒரு காலை வெளியே வைத்திருந்தான். முழங்கால் வரை காணோம்.

"எறங்காதீங்க!"

"என்ன? கேக்கல! தள்ளி விட்டா போயிரும்!"

"எறங்காதீங்கன்னா!"

காற்று அவள் சத்தத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. அவன் அடுத்த காலையும் தூக்கினான்.

மகதலேனா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினாள். இரண்டு கையும் மேலே போனால் ஆபத்து, நில் என்பது ரயில்வே குவார்ட்டர்ஸில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மனசு யோசிப்பதற்கு முன்னால் லியனார்ட்டின் உடம்பு நின்றுவிட்டது. தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த தங்கமணி, "அட பாவி மனுசா!" என்று அலறினாள். அவள் தொண்டை கோயில் மணி. "அண்ணி, நான் சொல்றதை அப்படியே கத்துங்க," என்றாள் மகதலேனா.

"காலை உள்ள வைக்கச் சொல்றா! படகு மேல குப்புற படுக்கணுமாம்! மத்தக் காலை இழுக்கக் கூடாதாம், ஆட்டி ஆட்டி எடுக்கணுமாம்!"

"சட்டை அழுக்காயிருமே! பூசைக்குப் போட்ட சட்டை!"

"சட்டையைக் கட்டிக்கிட்டு அழு!" இது தங்கமணி சொந்தமாகச் சேர்த்துக்கொண்டது.

படுத்தான். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, செருப்பு வரவில்லை. கித்தான் கிழிந்தால் என்ன ஆவது என்று மகதலேனா படகின் அடியையே பார்த்தாள். டொரத்தி அப்பாவின் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"அப்படியே உக்காரச் சொல்லுங்க அண்ணி. தண்ணி திரும்பி வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

"எப்ப வரும்னு கேக்குறாரு!"

"பேப்பரைப் பாக்கச் சொல்லுங்க."

வெயில் கொளுத்தியது. லியனார்ட் செய்தித்தாளைப் பிரித்தான். மகளின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டான். அதைத் தவிர வேறு எதற்கும் அது உதவவில்லை. தாகம் என்று டொரத்தி கையால் காட்டினாள். கரையில் இளநீர் குலை குலையாகத் தொங்கியது, கொடுக்க வழியில்லை. மூன்று நாற்பதுக்கு வாய்க்காலும் வற்றியது. தூரத்தில் சேற்றின் மேல் எதுவோ நீளமாக அசைந்தது. தங்கமணி, "மரக்கட்டைதான்," என்றாள். முதலையா என்று யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஐந்து மணி தாண்டித்தான் நண்டு வளைகளில் குமிழி விட்டது. அப்புறம் நாக்கு நீட்டுகிற மாதிரி ஒரு விரல் தண்ணீர். அப்புறம் ஒரு சாண். சாய்ந்து கிடந்த படகு மெதுவாக நிமிர்ந்தது, ஆடியது, மிதந்தது. கடவுளுக்கு நன்றி சொல்ல மகதலேனாவின் கைகள் இரண்டும் மறுபடியும் மேலே போயின. லியனார்ட் துடுப்பை எடுத்தான், கரையைப் பார்த்தான், நின்றான்.

"வாங்கண்ணே, வாங்க!" என்று தங்கமணி கத்தினாள்.

அவன் வரவில்லை. ஏறுகிற தண்ணீர் படகைக் காட்டுக்குள்ளே தள்ளப் பார்த்தது. அவன் துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு மகதலேனாவையே பார்த்தான்.

"ஏன் வரமாட்டேங்குறாரு அண்ணி? கித்தான் கிழிஞ்சிருச்சா?" என்றாள் மகதலேனா.

ஓடைக்கு நடுவிலிருந்து டொரத்தியின் கீச்சுக் குரல் வந்தது.

"அம்மா! கையை இறக்குங்கம்மா! நீங்க கையை இறக்குனாத்தான் அப்பா வருவாராம்!"