பதினோரு அரியர்

பிரபாகர் கிராஞ்சியில் கட்டுமானத் தளப் பொறியாளர். வயது முப்பத்து நான்கு. பகுதிநேர முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க மூன்று வருடமாக நினைத்து, மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டவன். காரணம் கோயம்புத்தூர் கல்லூரியின் மதிப்பெண் பட்டியல். பதினோரு அரியர். எந்தத் தாளை எத்தனை முறை எழுதினான் என்பதுகூட அதில் இருந்தது.

விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய ஞாயிறு. தேக்கா உணவங்காடியில் தே தாரிக் என்னும் பால்தேநீர் ஆறிக்கொண்டிருக்க, மனைவி நிவேதிதாவிடம் கைப்பேசியை நீட்டினான். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று அவன் எழுதியிருந்த விளக்கம்.

"மாமாவுக்கு ஹார்ட் அட்டாக்கா? எப்போங்க?"

"வரலை. சும்மா எழுதினேன். எல்லாரும் இப்படித்தான் ஏதாவது எழுதுறாங்க லா."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அங்கிருந்தே ஊரிலிருந்த அப்பாவை அழைத்தான். இரைச்சலுக்கு நடுவே கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னான். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"உனக்கு உதவும்னா எழுதிக்கப்பா. எந்த வருஷம்னு மட்டும் சொல்லிடு. யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா நான் மாத்திச் சொல்லிடக் கூடாது பாரு."

அவன் ஒவ்வொரு முறை தோற்றபோதும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்ட மனிதர். "வேணாம்ப்பா" என்று வைத்துவிட்டான்.

எழுதியதை அழித்தான். முதல் இரண்டு வருடம் வகுப்புக்குப் போகவில்லை; தோற்ற பிறகு வெட்கத்தில் போகவில்லை; வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை என்று தட்டினான்.

"கடைசி செமஸ்டர் நல்ல மார்க்தானே? அதையும் போடுங்க," என்றாள் நிவேதிதா. போட்டான். பத்து வருட வேலையையும் சேர்த்து அனுப்பினான்.

ஆறு வாரம் கழித்துத் தளத்தில் கொள்கலனையே அறையாக்கிய அலுவலகத்தில் இருந்தபோது பதில் வந்தது. நேரடியாக இடமில்லை, இரண்டு பாடங்களைத் தனியாகப் படித்துத் தேறினால் பரிசீலிப்பார்கள். மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினான்.

அதன்பிறகு செவ்வாயும் வியாழனும் சேறு காயாத காலணியோடு கிளமெண்டியில் இருந்த பல்கலைக்கழக வகுப்புக்கு ஓடினான். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அவனைவிடப் பத்து வயது இளையவர்கள். வகுப்பில் கண் சொருகும்போதெல்லாம் பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டான். ஒரு பாடத்தில் பி பிளஸ், இன்னொன்றில் பி.

சேர்த்துக்கொண்டார்கள். குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்து சொன்னான்.

"சந்தோஷமாங்க?" என்றாள் நிவேதிதா.

"சந்தோஷம்தான். கொஞ்சம் தூங்கிட்டு வந்து சொல்றேன்," என்றவன், காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தான்.