சூசையப்பர் நாளில் கலைத்த மண்

பெக்கான் மரம் இன்னும் துளிர்க்கவில்லை, மண்ணைக் கலைக்க வேண்டாம் என்று என் புருஷன் பால்டோ சொன்னபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மிசிசிப்பி ஆறு கடலில் போய் விழுகிற இந்தக் கடைசி ஓரத்தில் ஆரஞ்சு வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான் அது. நவம்பரில் இளங்கன்றுகளின் அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண் அணைப்போம். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தால், மேலே கொப்பெல்லாம் பனியில் கருகினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாளன்று, பூசை முடிந்து வந்து மண்ணைக் கலைத்துவிடுவோம். அதற்குமேல் விட்டால் சூட்டில் பட்டை அழுகும், எறும்பு குடியேறும். போன வருஷம் பால்டோ பத்து நாள் தள்ளிப்போட்டதில் பத்தொன்பது கன்றுகள் அழுகிப் போய், வேறு வாங்கி நட வேண்டியிருந்தது. அதை ஒரு வருஷமாக அவனுக்குச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கொட்டை மரம் என்ன வானிலை ஆபீஸா?" என்றேன்.

"எங்கப்பா காலத்துலேருந்து அது ஏமாந்ததில்ல, ஒடெட். மத்த மரமெல்லாம் ரெண்டு நாள் வெயிலப் பாத்ததும் பல்லக் காட்டிடும். பெக்கான் மட்டும் குளிர் நெசமாவே போனப்புறந்தான் கண்ணத் தொறக்கும். ஒரு வாரம் பொறு."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. பத்தொம்பது கன்னு. எண்ணிக் காட்டட்டுமா?"

பால்டோவின் அக்கா டோங்கா, திருநாள் உடுப்பின் மேலேயே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"சண்டைய முடிச்சுட்டு ஆளுக்கொரு மம்பட்டி எடுங்க. அடுப்புல மீன் இருக்கு, எனக்கு முதுகு முடியல."

சாயங்காலத்துக்குள் முந்நூறு கன்றுகளும் அடிமரம் தெரிய நின்றன. நான்தான் ஜெயித்தேன்.

எனக்கு அந்த மரங்கள்மேல் ஆசை என்று யாராவது நினைத்தால் அது பொய். நான் சிப்பி எடுக்கிற வீட்டில் பிறந்தவள். எனக்கு வேண்டியது பால்டோ. புயலில் பழைய தோப்பு போனபிறகு அவன் கடலில் எண்ணெய் எடுக்கிற ரிக்குக்கு வேலைக்குப் போனான். நான்காம் வருஷம் அங்கே தீப்பிடித்தது. கடலில் குதித்துத் தப்பித்தான், இடது காது பாதி வெந்துவிட்டது. அவனோடு ஒரே அறையில் படுத்திருந்தவன் குதிக்கவில்லை. அதன்பின் வீட்டுக்கு வந்து இந்த முந்நூறு சத்சுமா ஆரஞ்சுக் கன்றுகளை நட்டான். மூன்று வருஷமாக என் பள்ளிக்கூடச் சமையல்கட்டுச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இந்த இலையுதிர்காலத்தில் முதல் காய்ப்பு. காய்த்தால் இங்கேயே இருப்பேன், இல்லையென்றால் மறுபடியும் ரிக்குக்குத்தான் என்று அவன் சொல்லிவிட்டான். ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கேயிருந்து மெர்ல் என்கிற மேஸ்திரி போன் பண்ணுவான். "உன் கட்டில் காலியாத்தான்டா இருக்கு, எப்ப வர்ற?" என்பான். சிரித்துக்கொண்டேதான் கேட்பான். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

திருநாள் முடிந்து எட்டாம் நாள் தெற்கேயிருந்து காற்று அடிக்க ஆரம்பித்தது. வெதுவெதுப்பாக, உப்பாக, தோலில் ஒட்டுகிற காற்று. தோப்பு முழுக்கப் பூத்துக் கிடந்தது. அந்த வாசனையில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை, தலைதான் வலித்தது. அன்று மாலை வானொலியில் சொன்னார்கள்: வியாழன் இரவு உறைபனி, உறைநிலைக்கும் ஆறேழு டிகிரி கீழே போகும். மார்ச் கடைசியில் இப்படியொரு குளிரை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பால்டோ வானொலியை அணைத்துவிட்டு மம்பட்டிக்குப் பிடி இறுக்கப் போனான். என்னைப் பார்க்கவில்லை.

கையில் இருந்தது இரண்டு நாள். மூன்று பேர், முந்நூறு கன்று. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். நவம்பர் மண் காய்ந்து பொலபொலவென்று இருக்கும், குவித்தால் நிற்கும். இது ஆறு கொண்டுவந்து போட்ட களி, வசந்த மழையில் ஊறிக் கிடந்தது. மம்பட்டியில் ஒட்டிக்கொள்ளும், விழாது. கையால் வழித்துப் பூச வேண்டியிருந்தது.

"இது நிக்குமாடா?" என்று டோங்கா கேட்டாள்.

"மழை வராம இருந்தா நிக்கும்."

"மழை வருமா?"

"குளிருக்கு முன்னாடி எப்பவாச்சும் மழை வராம இருந்திருக்காக்கா?"

வியாழன் காலை பத்து மணிக்கு கடைசிக் கன்றுக்கு மண் அணைத்தோம். என் நகம் இரண்டு பிய்ந்திருந்தது. ஆனாலும் வரிசை வரிசையாக முந்நூறு மண்மேடுகளைப் பார்த்ததும், தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஒரு மணிக்கு வானம் கறுத்தது. மூன்று மணி நேரம் கொட்டித் தீர்த்தது. பால்டோ சன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் சூசையப்பரிடம் மன்றாடவில்லை, சண்டை போட்டேன். உன் நாளென்றுதானே கலைத்தேன், நீ பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டேன்.

மழை நின்றதும் ஓடினோம். மேடுகள் எல்லாம் கரைந்து, வடித்த கஞ்சிபோல வரிசைக்கு நடுவில் பரவிக் கிடந்தன. ஒவ்வொரு கன்றிலும் ஒட்டுக் கட்டிய முடிச்சு, கழுவித் துடைத்ததுபோல வெளியே தெரிந்தது. காற்று நின்றிருந்தது. பிறகு வடக்கேயிருந்து லேசாகத் திரும்பி வீசியது. ஈர உடுப்புக்குள் அது புகுந்தபோது எனக்குப் பல் கிட்டியது.

"சாக்கு! எங்க வீட்ல சிப்பிச் சாக்கு கெடக்கு" என்று கத்தினேன்.

என் அண்ணன் வீட்டிலிருந்து லாரியில் அள்ளிவந்த நனைந்த சாக்குகளை இருட்டும்வரை சுற்றிக் கட்டினோம். எழுபது மரத்துக்கு வந்தது. அதற்குமேல் போர்வை, திரைச்சீலை, என் குளிர்கோட்டு. டோங்கா தன் திருநாள் உடுப்பையே கொண்டுவந்து ஒரு மரத்துக்குச் சுற்றினாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காலடியில் சேறு உறைந்து மொறுமொறுக்கத் தொடங்கியதும் பால்டோ என் கையிலிருந்து கயிற்றை வாங்கினான்.

"போதும், உள்ள வா."

"இன்னும் இருநூறு இருக்கு."

"உள்ள வா, ஒடெட்."

விடியும்போது சாக்குகள் பலகையாக விறைத்திருந்தன. ஈரச்சாக்கு மரத்தைக் காக்காது, அதுவும் சேர்ந்து உறையும் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் வெயில், ஒன்றுமே நடக்காததுபோல. பூக்கள் பழுப்பேறித் தொங்கின. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "ஒரு இலைகூட உதிரலயே பால்டோ, அதிர்ஷ்டக்காரன்டா நீ!" என்றார்கள். சிப்பி வீட்டுப் பெண்ணான எனக்கே தெரியும், கொப்பில் உயிர் இருந்தால்தான் அது கெட்ட இலையை உதறும். செத்த கொப்பு இலையை விடாது. நான் தினமும் காலையில் போய் இலையைத் தொட்டுப் பார்ப்பேன். விழுந்துவிடு, தயவுசெய்து விழுந்துவிடு என்று மரத்திடம் கெஞ்சியிருக்கிறேன். சுருண்டு, காய்ந்து, சலசலத்துக்கொண்டு, எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

ஏப்ரல் கடைசியில் டோங்கா தோப்பிலிருந்து கூவினாள்.

"ஒடெட்! ஓடி வாடி! துளிர்த்திருச்சு! எல்லாத்துலயும் துளிர்த்திருச்சு!"

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். உண்மைதான், வரிசை முழுக்கப் பச்சை. டோங்காவுக்குக் கண்ணில் புரை, பச்சை என்பதுவரைதான் அவளுக்குத் தெரிந்தது. நான் குனிந்து பார்த்தேன். துளிர் ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்திருந்தது. காம்புக்கு மும்மூன்று இலை, கணுவுக்குக் கணு விரல்நீள முள். நாங்கள் நட்ட சத்சுமா செத்து, அதைத் தாங்கியிருந்த காட்டு நாரத்தை வேர் பிழைத்திருந்தது. அதன் காயைப் பன்றிகூடத் தின்னாது. அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று பார்த்துக்கொண்டே போனேன். நாற்பதாவது மரத்தருகே பால்டோ குந்தியிருந்தான். கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டியிருந்தான். உள்ளே பச்சையே இல்லை, தவிட்டு நிறம்.

"திட்டு" என்றேன். "ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டித் தொலையேன்."

"எதுக்கு?"

"நான்தானே கலைக்கச் சொன்னேன்."

"மம்பட்டி என் கையிலதானே இருந்துச்சு" என்றான்.

எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அங்கேயே நின்று போனை எடுத்தான். "மெர்ல், அந்தக் கட்டில் இன்னும் காலியா இருக்கா?" என்று கேட்டான். மெர்ல் சிரித்தது எனக்குக் கேட்டது.

பதினாலு நாள் கடல், பதினாலு நாள் வீடு. ஹெலிகாப்டர் ஏறுகிற இடத்துக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். தினமும் ராத்திரி ஏழு மணிக்குக் கூப்பிடுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். எட்டு நாளும் ஏழு அடிப்பதற்கு முன்பே கூப்பிட்டான். சாப்பாடு மோசம், மெர்லின் குறட்டை மோசம் என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். இன்றைக்கு ஒன்பதாவது நாள். டோங்கா இரண்டு முறை வந்து, கூப்பிட்டானா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மணி ஒன்பதே கால் ஆகிறது.